கடற்பறவைக் கூடு பார்க்க மதுரையிலிருந்து எங்கே போவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. இங்கிலாந்தில் யாரோ எடுத்த வீடியோ ஒன்றை ஐந்தாவது படிக்கும் உங்கள் மகள் பார்த்திருக்கிறாள். கடலோரத்தில் செங்குத்தான வெள்ளைப் பாறை, அதன் விளிம்பை ஒட்டி நடைபாதை, கீழே பாறைத் திட்டு ஒவ்வொன்றிலும் வரிசைகட்டி உட்கார்ந்து அடைகாக்கும் ஆயிரக்கணக்கான பறவைகள். "நாமளும் போலாம்ப்பா" என்கிறாள். மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வருகிற தூரத்தில் அப்படி ஓர் இடம் உண்டா, தனுஷ்கோடி சரிப்படுமா, விடுமுறை என்பதால் ஏப்ரல் கடைசியில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஓர் ஊர்ப் பெயர் சொல்லிவிட்டால் தீர்ந்துபோகிற கேள்வி. ஆனால் கூட்டில் இருக்கும் பறவையை அதற்குத் தொந்தரவு இல்லாமல், கண்ணெதிரே, ஆற அமரப் பார்க்க முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். ஆனால் அந்த வீடியோவில் ஒன்றாக இருக்கிற பாறையும் கூட்டமும் கடலும் நம் பக்கத்தில் மூன்று இடங்களில், மூன்று பருவங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஏப்ரல் கடைசி, சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, அந்த மூன்றுக்குமே அவ்வளவு தோதான நாள் இல்லை. நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பறவை ஆராய்ச்சியாளன் இல்லை. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இருபது வருடத்துக்கும் மேலாக மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளையும், சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களையும் பைனாகுலரும் கையுமாகச் சுற்றியிருக்கிறேன். கீழே வரும் மாதக் கணக்கெல்லாம் புத்தகத்தில் உள்ளதும் என் குறிப்பேட்டில் உள்ளதும் ஒத்துப்போகிற அளவுக்குத்தான். மழை முந்தினாலோ பிந்தினாலோ இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும்.

வெள்ளைப் பாறை, வெளிர்மஞ்சள் தலையோடு வாத்தைவிடப் பெரிய வெள்ளைப் பறவை என்று நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது யார்க்ஷயர் கரையிலுள்ள பெம்ப்டனாக இருக்க வாய்ப்பு அதிகம். என் மகன் லீட்ஸில் வேலையில் இருந்தபோது, 2018 மே மாதம் நானும் போயிருக்கிறேன். சின்ன ரயில் நிலையம். இறங்கி, வயல்களுக்கு நடுவே கடலைப் பார்த்து நடக்க வேண்டும். பறவை கண்ணில் படுவதற்கு முன்னால் நாற்றம் வந்துவிடும். கருவாட்டுக் கடையையும் கோழிப் பண்ணையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த மாதிரி. அடுத்தது சத்தம். சுண்ணாம்புப் பாறை 100 மீட்டர் வரை செங்குத்தாக இறங்குகிறது. அதில் கோடையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் கடற்பறவைகள் கூடுகின்றன. உங்கள் மகள் பார்த்த மஞ்சள் தலைக்காரர் கானெட். இறக்கையை விரித்தால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஆறடி. அது தவிர கிட்டிவேக், கில்லிமாட், ரேசர்பில். பஃபின் என்கிற வண்ண அலகுப் பறவை கொஞ்சம்தான். அதைப் பார்க்க வந்த பிள்ளைகள் எல்லாம் பாறை இடுக்கில் ஒரு சிவப்பு அலகு தெரிந்ததும் போட்ட கூச்சல் பறவைச் சத்தத்தையே அமுக்கிவிட்டது.

அவை ஏன் அங்கே கூடுகின்றன என்பதைச் சொன்னால்தான், நம் பக்கம் ஏன் இல்லை என்பது புரியும். கடற்பறவைக்கு வாழ்க்கை கடலில். முட்டைக்காக மட்டும் தரைக்கு வந்தாக வேண்டும். தரையில் நரி இருக்கிறது, எலி இருக்கிறது. செங்குத்துப் பாறையில் இரண்டும் லேசில் ஏறாது. பாதுகாப்பு மட்டும் போதாது, அத்தனை வாய்க்கும் பக்கத்திலேயே தீனி வேண்டும். வட கடல் குளிர்ந்தது, சத்து நிறைந்தது. வசந்தத்தில் பகல் நீளும்போது அதில் மிதக்கும் நுண்பாசி பெருகும். அதைத் தின்னும் சிற்றுயிர் பெருகும். அதைத் தின்னும் சாண்ட் ஈல் என்கிற விரல் நீள மீன் கூட்டம் கூட்டமாக வரும். குஞ்சு பொரிப்பதை அதற்குப் பொருத்தி வைத்திருக்கின்றன. ஆக, உயரமான பாறை, காலடியில் மீன், வசந்தத்தில் மட்டும் வரும் பெருக்கு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வீடியோ.

ஒன்றை மட்டும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். கில்லிமாட் கூடே கட்டாது. வெறும் பாறையில், ஒரு சாண் அகலத் திட்டில், ஒரே ஒரு முட்டை. குஞ்சு மூன்று வாரம் ஆனதும், பறக்கவே தெரியாத நிலையில், சாயங்கால வெளிச்சத்தில் விளிம்பிலிருந்து கடலில் குதித்துவிடும். கீழே அப்பன் காத்திருந்து கடலுக்குக் கூட்டிப்போகும். அம்மா இல்லை, அப்பன்தான். இதெல்லாம் உறுதியாகத் தெரிந்தது. முட்டை ஏன் பேரிக்காய் வடிவத்தில் இருக்கிறது என்பது அப்படி இல்லை. உருண்டால் வட்டமாகச் சுற்றி அங்கேயே நிற்கும், கீழே விழாது என்று நானே வகுப்பில் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அண்மைக் காலத்தில் அதை ஆராய்ந்தவர்கள், சரிவான பாறையில் அசையாமல் உட்காரத்தான் அந்த வடிவம் உதவுகிறது, உருள்வதற்கு இல்லை என்கிறார்கள். முட்டையின் அகன்ற முனையில் எச்சம் அப்பாமல் இருக்கவும் உதவலாம் என்று சொல்லப்படுகிறது. வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. என் பழைய மாணவர் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

இப்போது தனுஷ்கோடி. மதுரையிலிருந்து அதன் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ஏறக்குறைய 190 கிலோமீட்டர். 2017-ல் தார்ச்சாலை திறந்த பிறகு முனை வரைக்கும் வண்டியிலேயே போய்விடலாம். ஆனால் அங்கே பாறை கிடையாது. 1964 டிசம்பர் புயல் ஓர் ஊரையே அள்ளிக்கொண்டு போக முடிந்த தட்டையான மணல்தான். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அப்படித்தான்: பவளத் திட்டின் மேல் மணல், தாழ்ந்த புதர். கடற்புறாக்களை நீங்கள் தனுஷ்கோடியில் நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். படங்களில் வருவதெல்லாம் அவைதான். ஆனால் அவை குளிர்கால விருந்தாளிகள். பழுப்புத் தலைக் கடற்புறா கூடு கட்டுவது லடாக், திபெத்தின் உயரத்து ஏரிகளில். நீங்கள் போக நினைக்கிற ஏப்ரல் கடைசியில் பெரும்பாலானவை கிளம்பிப்போயிருக்கும். பூநாரைகளும் அப்படித்தான். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போனால் ஆழமில்லாத தண்ணீரில் இளஞ்சிவப்பாக நிற்பதைப் பார்க்கலாம். கூடு பார்க்க முடியாது.

அங்கே உண்மையில் கூடு கட்டுகிறவை ஆலாக்கள். கடற்புறாவைவிட ஒல்லி, கத்தி மாதிரி இறக்கை, பிளவுபட்ட வால். அரிச்சல்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே ஆதாம் பாலம் என்றும் ராமர் பாலம் என்றும் சொல்கிற மணல் திட்டுகளில், வெயில் காலத்தில், பல வகை ஆலாக்கள் முட்டையிடுகின்றன. கூடு என்று பெயர்தான். மணலில் ஒரு சின்னப் பள்ளம், அதில் மணல் நிறத்திலேயே புள்ளிபோட்ட முட்டை. அந்தத் திட்டுகளுக்கு நாம் போக முடியாது. கடல் எல்லை, காவல் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். போகாமல் இருப்பதே நல்லது. கரையில் நடக்கும்போதுகூட ஆலா ஒன்று உங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே பாய்ந்து பாய்ந்து வந்தால், காலடியில் எங்கோ முட்டை இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி நடக்க வேண்டும். நின்று வீடியோ எடுக்கிற நேரத்தில் மணல் சூட்டில் முட்டை கெட்டுவிடலாம். சூடு தாங்காத நாளில் தாய் போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மணலில் இன்னொரு சின்னப் பறவை இருக்கிறது, உப்புக்கொத்தி வகையில். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, அலையை ஒட்டிக் குடுகுடுவென்று ஓடும். ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை பரவியுள்ள ஒரு வகையின் கிளை என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2023-ல் அதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் இருக்கிறது என்பதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள பாலத்தை நினைத்து, அனுமன் உப்புக்கொத்தி என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். கடற்கரையில் கூடு கட்டுகிற பறவை ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்றால், பஃபினைவிட இதற்காகவே ராமேஸ்வரம் போகலாம் என்பேன்.

கடலோரப் பாறை விளிம்பில் நடக்கும் ஆசை மட்டும் தீர்ந்தால் போதும் என்றால் கேரளத்தில் வர்கலா இருக்கிறது. கடலுக்கு நேர் மேலே செம்மண் கல் முகடு, அதன் மேல் நடைபாதை. செம்பருந்துகள் காற்றில் ஏறி உங்கள் கண் மட்டத்துக்கே வந்து நிற்கும். கடற்பறவைக் குடியிருப்பு கிடையாது. ஒரு நாளில் போய்த் திரும்புவதும் கஷ்டம்.

சரி, பாறைக்கு வருவோம். மதுரைக்காரர்கள் கடல் இல்லை என்று ஏங்கலாம், பாறை இல்லை என்று ஏங்கக் கூடாது. யானைமலை, நாகமலை, சமணர்மலை, மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் என்று ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பாறைதான். அதில் பறவைக்கு முதலிடம் அரிட்டாபட்டிக்கு. மேலூர் சாலையில் போய் உள்ளே திரும்பினால் மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம். ஏழு குன்றுகள், அடிவாரத்தில் கண்மாய்கள், பாறைக்குள்ளிருந்து கசியும் ஊற்றுகள். தமிழி கல்வெட்டும் சமணர் படுகையும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் இருப்பதால் வரலாற்று ஆர்வலர்களுக்கு முன்பே தெரிந்த ஊர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சுமார் 250 பறவையினங்கள் என்று அப்போது சொன்னார்கள். 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்ததும், ஊரே திரண்டு எதிர்த்ததும், 2025 ஜனவரியில் ரத்தானதும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அங்கே பாறை முகப்பில் கூடு கட்டுகிற பெரிய பறவைகளில் மூன்றைச் சொல்வார்கள்: ஷாஹின் வல்லூறு, லகர் வல்லூறு, போனெல்லி கழுகு. கழுகை ராஜாளி என்றும் சொல்வதுண்டு. ஷாஹினைப் பற்றி ஒரு விஷயம். உலகிலேயே வேகமாகப் பாயும் பறவை என்று பள்ளிப் புத்தகத்தில் வரும் பெரிகிரைன், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது, அதன் நம்மூர் வடிவம்தான் ஷாஹின். நெஞ்சும் வயிறும் செங்கல் நிறம், தலை கறுப்பு. பெம்ப்டன் பாறையிலும் பெரிகிரைன் கூடு கட்டுகிறது. ஆக, உங்கள் மகள் பார்த்த வீடியோவில் கேமரா கொஞ்சம் நகர்ந்திருந்தால், மேலூர்க் குன்றில் இருக்கிற பறவையின் சொந்தக்காரர் அதில் வந்திருப்பார். கில்லிமாட்டைப் போலவே இதுவும் கூடு கட்டாது. பாறைத் திட்டில் காலால் ஒரு குழி பறித்து மூன்று நான்கு முட்டை. அடை ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் ஆறு வாரம்.

கழுகு வேறு மாதிரி. சுள்ளிகளைக் கொண்டுவந்து வண்டிச் சக்கரம் அகலத்துக்கு அடுக்கும். அதே கூட்டை வருடா வருடம் பழுதுபார்த்துப் பயன்படுத்தும். மார்கழி, தை என்று முன்கூட்டியே தொடங்கிவிடும். வல்லூறு அதற்குப் பின்னால். அதனால் மாசி மாதம், அதாவது பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரை, இரண்டையும் சேர்த்துப் பார்க்க நல்ல காலம். கழுகுக்குக் குஞ்சு வளர்ந்திருக்கும், வல்லூறு அடையில் இருக்கும். லகரைப் பற்றி அப்படி உறுதி சொல்லமாட்டேன். எல்லா இடத்திலும் குறைந்துகொண்டு வருகிற பறவை. போன தடவை இருந்தது என்பதை நம்பி இந்தத் தடவை போய் ஏமாந்திருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டைத் தேடாதீர்கள், எச்சத்தைத் தேடுங்கள். ஒரே இடத்தில் பல வருடம் உட்கார்ந்த பறவையின் எச்சம் பாறையில் சுண்ணாம்பு ஊற்றின மாதிரி வெள்ளைக் கோடாக இறங்கியிருக்கும். மழைநீர் வழிந்த தடம் கறுப்பு, அது வேறு. ஒட்டிப் படர்ந்த பாசி வெளிர்பச்சையாகவோ காவியாகவோ இருக்கும், அதுவும் வேறு. வெள்ளைக் கோட்டின் மேல் முனையில் பைனாகுலரை நிறுத்தி, பத்து நிமிடம் பொறுமையாக இருந்தால், பாறை என்று நினைத்தது தலையைத் திருப்பும். எட்டு மடங்கு பைனாகுலர் போதும். பத்து மடங்கு பிள்ளைகள் கையில் ஆடும். காலை வெயில் பாறை முகப்பில் நேராக விழுகிற பக்கமாகப் பார்த்து, கண்மாய்க் கரையில் உட்கார்ந்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அனல் எழும்பிப் படம் நெளிய ஆரம்பித்துவிடும்.

கண்மாய்க் கரை என்று சொன்னதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெம்ப்டனில் மேலேயிருந்து பார்க்கிறோம், வேலி இருக்கிறது, அங்குள்ள பறவைகள் தலைமுறை தலைமுறையாக அந்த வேலிக்குப் பழகியவை. இங்கே அதைச் செய்யக் கூடாது. குன்றின் மேல் ஏறி, கூட்டுக்கு மேலே மனிதத் தலை தெரிந்தால் வல்லூறுக்கு அது எதிரி. எழுந்து போய்விடும். மார்ச் வெயிலில் தாய் முட்டை மேல் உட்காருவது சூடேற்ற இல்லை, நிழல் கொடுக்க. கால் மணி நேரம் அது இல்லாவிட்டால் பாறை சூட்டில் எல்லாம் முடிந்துவிடும். கீழே, குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருந்தால் பறவை உங்களை ஆடு மேய்ப்பவர் என்று நினைத்து விட்டுவிடும். ட்ரோன் வேண்டாம். போனில் பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவது வேண்டாம். எந்தத் திட்டில் கூடு என்று படத்தோடு போடுவதும் வேண்டாம்; வல்லூறுக் குஞ்சுக்கு இன்றைக்கும் விலை உண்டு. நானும் அதனால்தான் எந்தக் குன்று, எந்த முகப்பு என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் யோக்கியன் மாதிரி சொல்கிறேனே தவிர, நான் படித்த பாடம் மோசமான வழியில் படித்தது. பல வருடத்துக்கு முன்னால், மாணவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வேறொரு குன்றில் ஏறினேன். ஒரு புதர் ஓரத்தில் கொம்பன் ஆந்தை எழுந்து பறந்தது. ஊரில் கோட்டான் என்பார்களே, அந்தப் பெரிய ஆந்தை. அது உட்கார்ந்திருந்த இடத்தில், வெறும் தரையில், மூன்று வெள்ளை முட்டைகள். பையன்களுக்குச் சந்தோஷம். நானும் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பகலில் ஆந்தை பறந்தால் காகங்கள் சும்மா இருக்குமா? அதைத் துரத்திக்கொண்டே போயின. நாங்கள் இறங்கி அடிவாரத்துக்கு வந்து பைனாகுலரில் திரும்பிப் பார்த்தபோது, அந்தப் புதர் ஓரத்தில் இரண்டு காகங்கள். யாரும் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு கூடு இருக்கும் பருவத்தில் நான் குன்று ஏறுவதில்லை.

பாறையில் இன்னொன்றும் இருக்கிறது, மலைத்தேனீ. ஆளுயரத்துக்குத் தேனடை தொங்கும். பிள்ளைகளோடு போகும்போது சென்ட் போட்டுக்கொள்ளாதீர்கள், பாறைக்குக் கீழே யாரையும் பீடி பற்றவைக்க விடாதீர்கள், கல் எறிய விடவே விடாதீர்கள். கழுகைவிட இதுதான் உண்மையான ஆபத்து.

கூட்டம் வேண்டும், சத்தம் வேண்டும், அந்த நாற்றமும் வேண்டும் என்றால் வேட்டங்குடி போங்கள். திருப்பத்தூர் சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கொள்ளுக்குடிப்பட்டி. 1977-லிருந்து சரணாலயம். நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்தால், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நத்தைகுத்தி நாரை, வக்கா, கொக்கு, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் அடுக்கடுக்காகக் கூடு கட்டும். பெம்ப்டன் பாறையின் வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது. நாயும் பூனையும் நீந்தி வந்து மரம் ஏறாது. ஒரு மரத்தில் மேல் மாடி, நடு மாடி, கீழ் மாடி என்று குடித்தனம். குஞ்சுகளின் இரைச்சல் கரை வரைக்கும் கேட்கும். மேல் வீட்டுக் குஞ்சு கக்கியது கீழ் வீட்டின் தலையில் விழும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கூட்டமாகக் கூடு கட்டுவதன் லாப நஷ்டத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல வகுப்பறை நான் பார்த்ததில்லை. மழை பொய்த்த வருடம் போனால் வெறும் தரைதான் இருக்கும், கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பக்கம் யாரிடமாவது தண்ணீர் நிலவரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. பெம்ப்டன் பகுதியில் சுற்றுலா வந்தவர்கள் படகில் போய்ப் பொழுதுபோக்குக்காகப் பறவைகளைச் சுட்டுத் தள்ளியதால், 1869-ல் கடற்பறவைகளுக்கென்று பிரிட்டனில் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கயிறு கட்டி இறங்கிக் கில்லிமாட் முட்டை எடுக்கிற தொழில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது. நாம் எல்லாவற்றிலும் அவர்களைவிட ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட குன்றுகளைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

நாலாவது இடம் என்றேனே, அது உங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசிக்கும் சரிப்படும். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள். தெற்குக் கோபுரம் 50 மீட்டருக்கும் மேல். பறவையின் கண்ணுக்கு அது கோயிலா குன்றா என்று தெரியாது. செங்குத்து, திட்டு, இடுக்கு, ஏறிவர முடியாத உயரம், அவ்வளவுதான். கோபுரத்து மாடப்புறாவின் மூதாதை கடலோரப் பாறையில் கூடு கட்டிய பறவை. பிரிட்டனின் வடக்கு, மேற்குக் கரைகளில் அதன் காட்டு இனம் இன்றைக்கும் கடற்பாறைக் குகைகளில்தான் முட்டையிடுகிறது. கடற்பறவை கேட்டீர்கள், கடற்பாறைப் பறவையைத் தருகிறேன், பாதி மார்க் போடுங்கள். பழைய மண்டபங்களின் விதானத்தில் நாட்டு உழவாரன்கள் இறகையும் எச்சிலையும் சேர்த்து ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கூடு கட்டியிருக்கும். கறுப்பாக, இடுப்பில் வெள்ளைப் பட்டையோடு, சாயங்காலம் கூட்டமாகக் கீச்சிட்டுக்கொண்டு வட்டமடிக்கும். உட்காரக் கால் சரியாக உதவாது. கூட்டுக்கு வெளியே வாழ்க்கை முழுக்கக் காற்றில்தான். கீழக்குயில்குடியில் சமணர்மலைப் பாறைத் தொங்கலுக்கு அடியில் பார்த்தால், சேற்று உருண்டைகளை ஒட்டிச் செய்த அரைக் கிண்ணம் மாதிரி பாறைத் தகைவிலான் கூடு. மழைச் சேறு கிடைத்தால் இரண்டாவது ஈடும் எடுக்கும். இந்த இரண்டுக்கும் பைனாகுலர்கூட வேண்டாம்.

அதனால் என் யோசனை இது. இந்த ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கோயில் வெளிவீதியில் நின்று உழவாரன்களையும் புறாக்களையும் காட்டுங்கள். தனுஷ்கோடியை ஜனவரிக்கு ஒத்திப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாக இருந்தால் அரையாண்டு விடுமுறையில் வேட்டங்குடி. மாசியில் ஒரு சனிக்கிழமை, இருட்டோடு கிளம்பி, ஆறே காலுக்கு அரிட்டாபட்டிக் கண்மாய்க் கரையில் இருங்கள். முதல் அரை மணி ஒன்றும் நடக்காது. மயில் கத்தும், கிளிகள் பாறை இடுக்குகளிலிருந்து வெளியே வரும், புறாக்கள் வெயில் காயும். அவள் சலித்துக்கொண்டு பிஸ்கட் கேட்பாள், கொடுங்கள். திடீரென்று எல்லாப் புறாக்களும் ஒரே நேரத்தில் பாறையை விட்டுத் தெறித்துச் சிதறும். எல்லோரும் அப்போது புறாவைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அவளை மேலே, புறாக்களுக்கு ரொம்ப மேலே, வெறும் வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.